டெக் திண்ணை: பக்கத்து வீடு அதிராமல் ஒரு ராக் கிட்டார்!

1966-ம் ஆண்டு. லண்டன், வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் இருந்த டெக்கா ஸ்டூடியோவுக்கு 21 வயது இளைஞர் ஒருவர் கிட்டாரோடு வருகிறார். ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் வாசிப்பவர். பெயர், எரிக் கிளாப்டன். தன் மார்ஷல் ஆம்ப்ளிஃபையரின் வால்யூமை மேடையில் வைப்பதுபோலவே ஸ்டூடியோவிலும் ஏற்றி வைக்கிறார். சவுண்டு இன்ஜினீயர் கஸ் டட்ஜனுக்கு அதிர்ச்சி. அந்தக் காலத்தில் ஸ்டூடியோவுக்குள் யாரும் அவ்வளவு சத்தமாக வாசிப்பதில்லை. ஆனாலும் கிளாப்டன் குறைக்கவில்லை.

அந்த ஆல்பம் அதே ஆண்டு ஜூலையில் வெளியானது. ராக் கிட்டாரின் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இன்றுவரை அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். கிளாப்டன் அடம்பிடித்ததற்குக் காரணம் இருந்தது. வால்யூமைக் குறைத்தால் அந்த ஒலியே வராது.

அரை நூற்றாண்டு கழித்து, 2018 ஜனவரியில் பி.பி.சி ரேடியோவுக்குக் கொடுத்த பேட்டியில், தனக்குக் கேட்கும் திறன் குறைந்துவருவதாகவும், காதில் ஓயாமல் இரைச்சல் கேட்பதாகவும் அதே கிளாப்டன் சொன்னார்.

நல்ல ஒலி வேண்டும் என்றால் சத்தம் வைத்தாக வேண்டும். சத்தம் வைத்தால் காதும் போகும், பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கமும் போகும். பல ஆண்டுகளாக கிட்டாரிஸ்ட்களைப் படுத்திய இந்த முடிச்சை அவிழ்க்க வந்த கருவிதான் லோடு பாக்ஸ். இந்த வாரம் அதைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறோம். கிட்டாரைத் தொட்டதே இல்லை என்பவர்களும் தைரியமாகத் தொடரலாம்!

தாத்தா வீட்டு வால்வு ரேடியோ

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்தக் கால வால்வு ரேடியோவை ஆன் செய்தால் உடனே பாடாது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய்கள் சூடாகி, மெல்ல ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்த பிறகுதான் சத்தம் வரும். அந்த வால்வைத்தான் டியூப் என்கிறார்கள். ரேடியோவில் இருந்து டியூப் எப்போதோ விடைபெற்றுவிட்டது. கிட்டார் ஆம்ப்பில் மட்டும் இன்னும் ராஜாவாக இருக்கிறது.

காரணம், அதன் ஒரு 'குறை'. டியூப் ஆம்ப்பை அதன் எல்லைவரை முடுக்கினால், ஒலி கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கிக் கரகரக்கும். பாட்டு கேட்கும் பெட்டியில் இது கோளாறு. எலெக்ட்ரிக் கிட்டாரில் இதுதான் ருசி. விரலை மெதுவாக வைத்தால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் கர்ஜனையாகவும் ஆம்ப் பதில் சொல்லும். பவர் டியூப், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் மூன்றும் முழு வேலையில் இருக்கும்போதுதான் இந்த ருசி முழுதாகக் கிடைக்கும்.

மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962-ல் தன் முதல் ஆம்ப்பை உருவாக்கினார். சில ஆண்டுகளிலேயே 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் போன்றவர்கள் இன்னும் பெரிதாக வேண்டும் என்று கேட்க, 100 வாட் ஆம்ப் பிறந்தது. மேடைக்கு சரி. படுக்கையறைக்கு?

ஒரே ஒரு வாட் போதும்!

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 12 இன்ச் கிட்டார் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 97 முதல் 100 டெசிபல் சத்தம் வரும். 100 வாட் கொடுத்தால் அதோடு இன்னும் 20 டெசிபல் சேரும். அதாவது கிட்டத்தட்ட 120!

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் அளவு, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். ஒரு வாட்டிலேயே நாம் அந்த எல்லைக்கு வந்துவிட்டோம்.

'சரி, 100 வாட்டுக்கு பதில் 50 வாட் ஆம்ப் வாங்கினால் சத்தம் பாதியாகிவிடுமே' என்று தோன்றும். ஆகாது. வாட் பாதியானால் குறைவது 3 டெசிபல்தான். காதுக்குப் பாதி சத்தமாகத் தெரிய 10 டெசிபல் குறைய வேண்டும். அதற்கு வாட் பத்தில் ஒரு பங்காக வேண்டும். சின்ன ஆம்ப் வாங்கினாலும் வீட்டில் பிரச்னை தீராததற்கு இதுதான் காரணம்.

தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டார்

'அப்படியென்றால் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு ஆம்ப்பை மட்டும் ஓட்டலாமே?' இங்கேதான் பலரும் ஆம்ப்பைப் பலி கொடுக்கிறார்கள். தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டார் ஓடினால் என்ன ஆகும்? அதேபோலத்தான். டியூப் ஆம்ப் அனுப்பும் சக்திக்குப் போக ஒரு இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மருக்குள் மின்னழுத்தம் எகிறி, இன்சுலேஷன் கருகலாம், டியூப்களும் கெடலாம். வீட்டில் இருக்கும் சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் பெரும்பாலும் ஸ்பீக்கர் இல்லாமல் சும்மா இருந்தால் தாங்கிக்கொள்ளும். டியூப் ஆம்ப் தாங்காது.

ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, அந்த சக்தியை வாங்கிக்கொள்ளும் பெட்டிதான் லோடு பாக்ஸ். வாங்கியதை சத்தமாக மாற்றாமல், வாட்டர் ஹீட்டர் காயில் போல வெப்பமாக மாற்றிவிடும். அதில் ஒரு துளியை மட்டும் ரெக்கார்டிங்குக்கு எடுத்துக் கொடுக்கும். ஆம்ப் முழு மூச்சில் ஓடும், அறையில் கேட்பது கிட்டார் கம்பியின் சத்தம் மட்டும்தான்.

இந்த யோசனை புதிதல்ல. 'பாஸ்டன்' குழுவின் டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி-யில் படித்துவிட்டு போலராய்டு நிறுவனத்தில் இன்ஜினீயராக இருந்தவர். வீட்டு பேஸ்மென்ட்டில் பெரும்பகுதி ரெக்கார்டு செய்து 1976-ல் வெளியான அவர்களின் முதல் ஆல்பம், அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ் பெற்றது. அந்த ஷோல்ஸ் 1980-ல் சொந்தமாக நிறுவனம் தொடங்கி விற்ற கருவி, பவர் சோக். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நின்று சக்தியைக் குறைப்பது அதன் வேலை. லோடு பாக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய் ஸ்பீக்கரையே வேண்டாம் என்கிறது.

லோடு பாக்ஸில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் இருப்பது வெறும் ரெசிஸ்டர். விலை குறைவு, ஆனால் ஒலி கொஞ்சம் உயிரில்லாமல் இருக்கும். ஏனென்றால் 8 ஓம்ஸ் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா ஸ்வரத்துக்கும் 8 ஓம்ஸாக இருப்பதில்லை. 100 ஹெர்ட்ஸை ஒட்டிய கனமான ஒலிகளிலும், உச்ச ஒலிகளிலும் அது பல மடங்கு ஏறும். டியூப் ஆம்ப் அதற்கேற்பத் தன் ஒலியை மாற்றிக்கொள்ளும். ஸ்டாண்டு போட்ட சைக்கிளை மிதிப்பதற்கும் மேடு பள்ளமான ரோட்டில் மிதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. இந்த மேடு பள்ளத்தை காயில், கெப்பாசிட்டர் வைத்து உருவாக்குவதுதான் இரண்டாவது வகையான 'ரியாக்டிவ்' லோடு பாக்ஸ்.

ஸ்பீக்கர் ஒரு வடிகட்டி

லோடு பாக்ஸில் இருந்து வரும் ஒலியை அப்படியே கேட்டால் முகம் சுளிப்பீர்கள். தகரத்தில் ஆணியால் கீறியதுபோல இருக்கும். நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆனால் கிட்டார் ஸ்பீக்கர், சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். டீயை வடிகட்டாமல் குடிக்க முடியாது இல்லையா? ஸ்பீக்கர்தான் அந்த வடிகட்டி. அதை எடுத்துவிட்டதால், அந்த வேலையை வேறு யாராவது செய்ய வேண்டும். அதுதான் ஸ்பீக்கர் சிமுலேஷன்.

1980-களின் இறுதியில் ஜெர்மனியின் ஹியூஸ் அண்டு கெட்னர் நிறுவனம் 'ரெட் பாக்ஸ்' என்ற சின்னப் பெட்டியில் இதை வெறும் மின்சுற்று வைத்தே செய்தது. இன்று இந்த வேலையைப் பெரும்பாலும் கம்ப்யூட்டர் செய்கிறது. அதற்குப் பெயர், இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். சுருக்கமாக ஐ.ஆர்.

கைதட்டலில் தெரியும் மண்டபம்

பழைய கோயிலின் கல் மண்டபத்துக்குள் நின்று ஒரே ஒரு முறை கை தட்டுங்கள். திரும்பி வரும் எதிரொலியிலேயே மண்டபம் எவ்வளவு பெரியது, கல்லா மரமா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அந்த 'பதில்' ஒலிதான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்.

ஸ்பீக்கருக்கும் இதே வைத்தியம்தான். கீழ் ஸ்தாயியில் இருந்து மேல் ஸ்தாயி வரை சறுக்கிக்கொண்டே போகும் ஒரு ஒலியை ஸ்பீக்கரில் ஓடவிடுவார்கள். முன்னால் ஒரு மைக் இருக்கும். பெரும்பாலும் 1965-ல் இருந்து விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்.எம்.57. போனது என்ன, வந்தது என்ன என்று மென்பொருள் ஒப்பிட்டு, ஸ்பீக்கரின் குணத்தை ஒரு குட்டி ஃபைலாக எழுதிக்கொள்ளும். உங்கள் கிட்டார் ஒலியை அந்த ஃபைல் வழியாக அனுப்பினால், அதே ஸ்பீக்கர், அதே மைக், அதே இடத்தில் வைத்து ரெக்கார்டு செய்ததுபோலக் கேட்கும். இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஸ்பீக்கர் நிறுவனமான செலஸ்டியனே இப்போது ஸ்பீக்கரோடு சேர்த்து இந்த ஃபைல்களையும் விற்கிறது.

இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. லோடு பாக்ஸின் வடிகட்டாத ஒலியை ரெக்கார்டு செய்து வைத்துக்கொண்டால், ஸ்பீக்கரையும் மைக்கையும் பிறகு மாற்றலாம். பகலில் வாசித்ததை, இரவில் பத்து ஸ்பீக்கர்களில் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். பிரான்ஸின் டூ நோட்ஸ் நிறுவனத்தின் டார்பிடோ வரிசை, 2018-ல் விற்பனைக்கு வந்த யுனிவர்சல் ஆடியோவின் ஆக்ஸ் போன்றவற்றில் லோடு, சிமுலேஷன் இரண்டும் ஒரே பெட்டியில் வருகின்றன.

எது கிடைக்காது?

எல்லாம் கிடைத்துவிடும் என்று சொன்னால் அது விளம்பரம். ஐ.ஆர் என்பது ஸ்பீக்கரின் ஒரு புகைப்படம். முழு சத்தத்தில் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பே திணறிக் கரகரப்பது அதில் பதிவாகாது. சத்தமான ஆம்ப் முன் நிற்கும்போது கிட்டார் கம்பி தானாகவே அதிர்ந்து, ஸ்வரம் நீண்டுகொண்டே போகும் அனுபவமும் கிடைக்காது. அதற்கு அறையில் காற்று அசைய வேண்டும்.

வீட்டில் செய்பவர்கள் கவனத்துக்கு

* ஆம்ப்பின் ஸ்பீக்கர் அவுட்புட்டில் இருந்து லோடு பாக்ஸ், அங்கிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸ், பிறகு கம்ப்யூட்டர். இந்த வரிசை மாறக் கூடாது. ஸ்பீக்கர் அவுட்புட்டை நேராக இன்டர்ஃபேஸில் சொருகவே கூடாது.

* ஆம்ப்பின் ஓம்ஸும் லோடு பாக்ஸின் ஓம்ஸும் பொருந்த வேண்டும்.

* ஆம்ப்பையும் லோடு பாக்ஸையும் இணைக்க ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும். கிட்டார் கேபிளும் பார்க்க அதேபோல இருக்கும், ஏமாறாதீர்கள்.

* ஆம்ப் 50 வாட் என்றால் லோடு பாக்ஸ் அதைவிடக் கூடுதலாகத் தாங்குவதாக இருக்கட்டும். முழுதாக முடுக்கினால் ஆம்ப், எழுதியிருப்பதைவிட அதிகம் தள்ளும்.

* லோடு பாக்ஸ் சூடாகும். துணி போட்டு மூடாதீர்கள். கேபிள் மாற்றும் முன் ஆம்ப்பை ஆஃப் செய்யுங்கள்.

* பெட்டியிலேயே சிமுலேஷன் ஆன் ஆகியிருந்தால் கம்ப்யூட்டரில் மறுபடி ஐ.ஆர் போடாதீர்கள். இரண்டு முறை வடிகட்டினால், போர்வைக்குள் இருந்து பாடுவதுபோல இருக்கும்.

* ஆம்ப்பைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். உள்ளே இருப்பது சில நூறு வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

* சத்தமே வராவிட்டாலும் ஆம்ப் முழு வேகத்தில் உழைக்கிறது. டியூப்களின் ஆயுள் குறையும். வாசிக்காத நேரத்தில் அணைத்துவிடுங்கள்.

பக்கத்து வீடு தப்பித்தது, காது?

அறை அமைதியாகிவிட்டது. ஆனால் வாசிப்பவர் இப்போது எதில் கேட்கிறார்? ஹெட்போனில். 100 வாட் ஆம்ப்புகளுக்குக் காரணமானவர்களில் ஒருவரான பீட் டவுன்ஷெண்ட், தன் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டதற்கு மேடைச் சத்தத்தைவிட ஸ்டூடியோ ஹெட்போன்தான் முக்கியக் காரணம் என்று சொல்லியிருக்கிறார். ராக் இசையின் மிகச் சத்தமான குழுக்களில் ஒன்றில் வாசித்தவர் சொல்லும் வார்த்தை இது.

மேடையில் வாசித்தால் பக்கத்தில் இருப்பவர் குறைக்கச் சொல்வார். ஹெட்போனில் சொல்ல யாரும் இல்லை. அதுவும் லோடு பாக்ஸில், ஆம்ப்பின் வால்யூமுக்கும் ஹெட்போன் வால்யூமுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆம்ப்பைப் பத்தில் வைத்துக்கொண்டு ஹெட்போனை இரண்டில் வைத்துக் கேட்டாலும் அதே கரகரப்பு, அதே ருசி. எனவே வாசிக்கத் தொடங்கும் முன் ஹெட்போன் வால்யூமை பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் யாராவது பேசினால் கேட்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றி வையுங்கள். கழற்றிய பிறகும் காதில் 'ங்கொய்' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அன்றைய வாசிப்பை நிறுத்திவிடுங்கள். அடுத்த நாளும் அது போகவில்லை என்றால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் பிள்ளை ஹெட்போனோடு கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தால், சத்தம் வரவில்லையே என்று விட்டுவிட வேண்டாம். அந்த ஹெட்போனை ஒரு நிமிடம் வாங்கி உங்கள் காதில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு சத்தத்தில் கேட்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்த வாரம் வேறொரு கருவியோடு திண்ணையில் சந்திப்போம்!