எலும்போடு ஒன்றிய கண்ணாடி



வெறுங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறிவிட்டால், அதை வெளியே எடுக்கும்வரை நமக்கு நிம்மதி இல்லை. அன்னியப் பொருள் தன்னுள் தங்குவதை உடல் எளிதில் பொறுத்துக் கொள்வதில்லை. ஆனால், எலும்பினுள் வைத்த பின் பிடுங்கவே முடியாதபடி அதனோடு ஒன்றிப்போன கண்ணாடி ஒன்றும் உண்டு. கலைப் பட்டம் பெற்று மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு இரசாயனத்தில் பரிச்சயம் குறைவுதான். எனினும், இதைப் படித்த பின் உங்களிடம் சொல்லாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

1967ஆம் ஆண்டு. அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி ஹென்ச் என்னும் விஞ்ஞானி, இராணுவம் நடத்திய ஒரு மாநாட்டிற்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தார். கதிர்வீச்சைத் தாங்கும் பொருள்களே அவருடைய ஆராய்ச்சித் துறை. பக்கத்து இருக்கையில் இருந்தவர் வியட்நாமிலிருந்து அண்மையில் திரும்பிய இராணுவ அதிகாரி. உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடல் ஏற்க மறுப்பதால் வீரர்கள் கை கால்களை இழப்பதை அவர் கண்டிருந்தார். கதிர்வீச்சைத் தாங்கும் பொருளைச் செய்யத் தெரிந்த உங்களால், மனித உடலில் நிலைக்கும் பொருளைச் செய்ய இயலாதா என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்வி ஹென்ச்சை விடவில்லை. எலும்பின் பெரும்பகுதி கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமம். அதே கனிமத்தைத் தன் மேற்பரப்பில் உண்டாக்கிக் கொள்ளும் ஒரு பொருளைச் செய்தால், உடல் அதை அன்னியமாகக் கருதாதே என்று எண்ணினார். 1969இல் அத்தகைய கண்ணாடியை உருக்கி வார்த்தார். எடையில் நூற்றுக்கு 45 பங்கு மணலின் சாரமான சிலிக்கா. சோடாவும் சுண்ணாம்பும் தலா 24.5 பங்கு, எஞ்சிய 6 பங்கு பாஸ்பரஸ் ஆக்சைடு. நம் வீட்டுச் சன்னல் கண்ணாடியில் சிலிக்கா ஏறத்தாழ 70 பங்கு இருக்கும். அதனால்தான் அது மழையிலும் கரைவதில்லை. ஹென்ச்சின் கண்ணாடி கரைவதற்கென்றே செய்யப்பட்டது!

சிறு துண்டுகளை எலிகளின் தொடை எலும்பில் வைத்தார்கள். ஆறு வாரங்களுக்குப் பின் சோதித்த மருத்துவர் வியந்து போனார். தள்ளியும் தட்டியும் பார்த்தார், துண்டுகள் அசையவில்லை.

நிகழ்ந்தது இதுதான். உடல்நீர் பட்டதும் கண்ணாடியிலுள்ள சோடியம் வெளியேறுகிறது. மேற்பரப்பில் கூழ் போன்ற சிலிக்காப் படலம் உருவாகிறது. அதன்மீது கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, நாளடைவில் எலும்பின் கனிமத்தை ஒத்த படிகமாகின்றன. உடலின் புரத இழைகள் அதில் பின்னிக் கொள்ள, எலும்பை உருவாக்கும் உயிரணுக்கள் அங்கே குடியேறுகின்றன.

இந்த உயிரணுக்களின் தாயகம் எலும்பு மஜ்ஜை. அங்கே ‘ஸ்டெம் செல்’ எனப்படும் குருத்தணுக்கள் உள்ளன. இவை எலும்பாக மாறவல்லவை என்பதற்கு வழிகாட்டியவர், சோவியத் ஆய்வாளர் ஃபிரீடன்ஸ்டைன். ஹென்ச் 1995இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்ற பின், ஜூலியா போலக் என்னும் மருத்துவ ஆராய்ச்சியாளருடன் இணைந்து செய்த ஆய்வுகளில் மேலும் ஒன்று தெரியவந்தது. கண்ணாடியிலிருந்து கரையும் சிலிக்கானும் கால்சியமும், எலும்பணுக்களில் வளர்ச்சிக்குரிய மரபணுக்களைத் தூண்டிவிடுகின்றன. வெறும் சாரமென எண்ணியது, வேலை ஏவும் மேஸ்திரியாகவும் இருந்திருக்கிறது!

1985இல் நடுக்காதின் சிற்றெலும்புகளுக்கு மாற்றாக இக்கண்ணாடி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர் ஈறு நோயால் தேய்ந்த தாடை எலும்பை நிரப்பும் பொடியாகவும் வந்தது. ஆயினும் கண்ணாடி கண்ணாடிதான், நொறுங்கும். உடல் பாரம் தாங்கும் காலெலும்பைத் தனியே தாங்கிப் பிடிக்க இதனால் ஆகாது. அங்கே உலோகத் தகடு வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘ஸ்டெம் செல்’ சிகிச்சையால் மூட்டுவலி முதல் முதுகெலும்பு முறிவு வரை யாவும் தீரும் என்னும் விளம்பரங்களை நம்பி, நகையை விற்கத் துணியும் குடும்பங்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறை, குறிப்பிட்ட இரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் இரத்தக் குருத்தணு மாற்றைத் தவிர, ஏனையவற்றை ஆராய்ச்சி நிலையில் உள்ளவையாகவே கருதியது. ஆராய்ச்சியில் பங்கேற்கும் நோயாளியிடம் அதற்குக் கட்டணம் கேட்கலாகாது.

வாசகர்கள் கேட்டறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. பல் மருத்துவரோ எலும்பு மருத்துவரோ வைக்கும் நிரப்புப் பொடிகள் யாவும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை அல்ல. சில நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே எடுக்கப்படுபவை. சில மாட்டெலும்பு, சில பன்றி எலும்பு. சில ஆய்வுக்கூடத்தில் செய்தவை. சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் மூலத்தைக் கேட்டுவிடுங்கள், தயங்க வேண்டியதில்லை. ஹென்ச்சின் கண்ணாடியில் இருப்பவை மணலும் சோடாவும் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் மட்டுமே.