இணைப்பதும் துண்டிப்பதும் யார் கையில்?

1936-ஆம் ஆண்டு ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. கூடியிருக்கும் தொழிலாளர்கள் கைநீட்டி நாஜி வணக்கம் செலுத்துகிறார்கள். ஒரே ஒரு தொழிலாளி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அந்தப் படத்தைத் தம் ட்விட்டர் பக்கத்தின் முகப்பில் வைத்திருந்தார் உச்சநீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே. 2019 அக்டோபரில் அவருடைய கணக்கு முடக்கப்பட்டது. வெறுப்பைப் பரப்பும் படமாம்! நாஜியை வணங்க மறுத்தவன் படம் வெறுப்புப் படமாம்! திறந்த கையோடு வேறொரு காரணம் காட்டி மறுபடியும் மூடினார்கள். மனம் கசந்த இந்தியர் பலர் அடுத்த மாதமே மாஸ்டடான் என்னும் வேறொரு வலைக்குக் குடிபெயர்ந்தனர்.

வழக்கறிஞருக்கு வந்த வம்பு, ஆம்பூர் ஷூ கம்பெனித் தொழிலாளிக்கு என்ன? என்று கேட்கலாம். சங்கக் கூட்ட அறிவிப்பும், போனஸ் பேச்சுவார்த்தைச் செய்தியும் இன்று எதில் வருகின்றன? வாட்ஸ்அப் குழுவில். அந்தக் குழு சங்கத்தின் சொத்தா? இல்லை. 2014-இல் சுமார் 1,900 கோடி டாலர் விலை பேசி வாட்ஸ்அப்பை வாங்கிய அமெரிக்கக் கம்பெனியின் சொத்து. அவர்கள் கதவை மூடினால் நாம் தட்டுவதற்கு வேறு கதவில்லை.

2016-இல் தொடங்கிய மாஸ்டடான் இதற்கு மாறானது. அதற்கு ஒரே முதலாளி இல்லை. ஆயிரக்கணக்கான சர்வர்கள் உண்டு. சர்வர் என்றவுடன் ஓட்டலை நினைக்க வேண்டாம். செய்திகளைச் சேமித்து வைத்து அனுப்பும் கம்ப்யூட்டர் அது. கல்லூரி நடத்தலாம், ஊரார் நடத்தலாம், தொழிற்சங்கமும் நடத்தலாம். எல்லாச் சர்வர்களுக்கும் பொதுமொழி ஒன்று உண்டு. ஆக்டிவிட்டிபப் என்று அதற்குப் பெயர். 2018-இல் அது உலகத் தரமாக ஏற்கப்பட்டது.

ஆம்பூரில் ஒரு சர்வர், ராணிப்பேட்டையில் ஒரு சர்வர் என்று வைத்துக்கொள்வோம். ஆம்பூர்த் தோழர் ராணிப்பேட்டைத் தோழரைப் பின்தொடர விரும்பினால், ஆம்பூர்ச் சர்வர் விண்ணப்பம் அனுப்பும். அந்தச் சர்வர் ஏற்றுக்கொண்டால், அன்றுமுதல் ராணிப்பேட்டைத் தோழர் எல்லோருக்கும் எழுதுவது முத்திரையிட்ட கடிதம்போல ஆம்பூர்ப் பெட்டியிலும் வந்து விழும். இடையில் தலைமை நிலையம் கிடையாது. கப்பம் கட்டும் சாவடியும் கிடையாது.

இணைப்பு இருக்குமிடத்தில் துண்டிப்பும் இருந்தே தீரும். தோல் பதனிடும் தொழிலாளிக்கு இது புதிதல்ல. பல ஆலைகளின் கழிவுநீர் குழாய்வழி ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. ஓர் ஆலை வரம்பு மீறிக் குரோமியத்தைத் தள்ளினால், பழி எல்லோர் தலையிலும் விழும். ஆகவே அந்தக் குழாயை அடைக்கும் உரிமை வேண்டும்.

சர்வர்களிலும் அப்படியே. மட்டுப்படுத்துவது ஒருபடி: அந்தச் சர்வரின் பேச்சு பொது வரிசையில் வராது, பின்தொடர்வோருக்கு மட்டும் தெரியும். அறவே துண்டிப்பது அடுத்த படி: அங்கிருந்து எதையும் ஏற்பதில்லை, பழைய தொடர்பும் அறும். 2018-இல் பிட்ஸ்பர்க் நகரத்து யூதர் ஆலயத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவன், கேப் என்னும் தளத்தில் அறிவித்துவிட்டுப் போனவன். அந்தத் தளம் 2019-இல் மாஸ்டடான் மென்பொருளைக் கொண்டு உள்ளே வந்தது. ஏராளமான சர்வர்கள் உடனே அதைத் துண்டித்தன. அதன் வாயை யாரும் பொத்தவில்லை. அதன் சரக்கைத் தம் துறைமுகத்தில் இறக்க மறுத்தார்கள். தொழிலாளி வர்க்கம் நன்கறிந்த பகிஷ்காரம் இது!

நம் வட ஆற்காட்டு மண்ணில் நடந்தது என்ன? 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கும்பிட வந்த மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். ஜூலையில்தான் கம்பெனி, ஒரு செய்தியை ஐந்து இடத்துக்கு மேல் ஒரே வீச்சில் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு கட்டியது. முடிவு எடுத்தது அமெரிக்காவில். பிணம் விழுந்தது இங்கே. திருகி மூட நம் கையில் குழாய் இருக்கவில்லை.

ஆனால் துண்டிப்பு இருபுறமும் கூரான கத்தி. ஊர்விலக்கு என்ற பெயரால் சாதி ஆதிக்கக்காரர்கள் எளியவர்களுக்குச் செய்த கொடுமையை நாம் மறக்கவில்லை. ஒரு சர்வரை நடத்துபவர் தன்னிச்சையாக இன்னொரு சர்வரைத் துண்டித்தால், பத்துப் போக்கிரிகளின் குற்றத்துக்கு ஆயிரம் நல்லவர்களின் நட்பு அறுகிறது. அவர்களை யாரும் கேட்பதில்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டைச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டி உடைந்தபோது, பக்கத்து ஆலையில் உறங்கிய தொழிலாளர்கள் உட்பட 10 பேர் சேற்றில் மாண்டனர். எவ்வளவு தேக்குவது என்று முடிவு செய்தவர் வேறு, மூழ்கியவர் வேறு. முடிவெடுப்பவனும் அனுபவிப்பவனும் வேறுவேறாக இருக்கும்வரை, சர்வர் சிறியதானாலும் சர்வாதிகாரம் சர்வாதிகாரம்தான்.

பெரிய கம்பெனிகளின் தந்திரம் இன்னொன்று. கூகுள் தன் டாக் சேவையை 2006-இல் மற்றச் சர்வர்களுக்குத் திறந்துவிட்டது. கூட்டம் தன் பக்கம் சேர்ந்தபின், 2013-இல் அதன் இடத்தில் ஹேங்அவுட்ஸைக் கொண்டுவந்து கதவைச் சாத்தத் தொடங்கியது. 2023-இல் வந்த மெட்டாவின் திரெட்ஸ் தளமும் மாஸ்டடானோடு கைகோக்க வந்தபோது, நூற்றுக்கணக்கான சர்வர் நடத்துவோர் "துண்டிப்போம்" என்று உறுதி எடுத்தது இந்த அனுபவத்தால்தான்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். பெரிய கம்பெனிகள் தம் வாசலை மற்றவர்களுக்குத் திறக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இலேயே அப்படிச் சட்டம் செய்தது. சோஹோ நிறுவனத்தின் அரட்டை செயலி, மின்னஞ்சல்போல, யு.பி.ஐ. போலப் பிற செயலிகளோடு இணைய வேண்டும் என்று ஸ்ரீதர் வேம்பு 2025-இல் சொன்னார். நல்ல சொல், செயலில் காட்டட்டும்!

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வேலை உண்டு. சொந்தச் சர்வர் நடத்தப் பழகுவோம். அதன் பொறுப்பாளரைத் தேர்தலில் தேர்ந்தெடுப்போம். எவரை இணைப்பது, எவரைத் துண்டிப்பது என்பதற்கு விதி எழுதி, காரணத்தைப் பொதுக்குழுவில் வைப்போம். துண்டிக்கப்பட்டவர் முறையிட வழி வைப்போம். நமது பேச்சுக்குப் போகும் குழாயின் திருகு, நமது கையிலேயே இருக்கட்டும்!