கலை வகை: சிரிக்க வைப்பது

போன மாதம் பேரன் என்னை ஒரு காபிக் கடையின் மாடிக்கு அழைத்துப் போனான். நுழைவுச் சீட்டு 200 ரூபாய். பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள், ஆளுக்கு ஐந்து நிமிஷம் மைக்கைப் பிடித்து எங்களைச் சிரிக்க வைக்க முயன்றார்கள். ‘ஓப்பன் மைக்’ என்று பெயராம். இரண்டு பேருக்கு நன்றாகச் சிரித்தேன். ஒருவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். மற்றவர்கள் பேசிய வேகத்தில் பாதி விளங்கவில்லை. என் காது மிஷினின் குற்றமாகவும் இருக்கலாம். மாடிப்படி இறங்கும்போது, "இவங்களுக்கு என்னடா கொடுப்பாங்க?" என்று கேட்டேன். "ஒரு காபி, தாத்தா" என்றான்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பழைய கோப்பு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

எண்பதுகளில் நான் குமாஸ்தாவாக இருந்த ஓர் அலுவலகத்தில், நலிந்த கலைஞர்களுக்கு உதவித்தொகை கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கூத்துக்காரர் எழுதியிருந்தார். வயது அறுபதுக்கு மேல். கட்டியக்காரன் வேஷம் கட்டுகிறவர். படிவத்தில் ‘கலை வகை’ என்ற இடத்தில், ‘சிரிக்க வைப்பது’ என்று எழுதியிருந்தார். குருவின் பெயர் என்ற இடம் காலி. பெற்ற விருதுகள், காலி. நான் என்ன செய்தேன்? ‘கலை வகை தெளிவாக இல்லை, திருப்பி அனுப்பலாம்’ என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிட்டேன். கையெழுத்தாகி வந்துவிட்டது.

அவர் நேரிலேயே வந்தார். மேஜைக்கு முன்னால் நின்று, "முசே, ராஜா வேஷம்னு எழுதியிருந்தா தெளிவா இருந்திருக்குமா?" என்று கேட்டார். செக்ஷன் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் தொழிலை அங்கேயே நிரூபித்துவிட்டுப் போனார். நான் அந்தக் குறிப்பை மாற்றி எழுதவில்லை. மாற்றியிருக்கலாம், புதிதாக ஒரு தாள் வைத்தால் போதும். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்குக் கட்டியக்காரனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் வருகிறவன் அவன்தான். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று கொண்டிருக்க, "ஐயா, தாங்கள் யாரோ?" என்று கேட்டு அவனைச் சபைக்குக் கொண்டுவருபவன் அவன். இரண்டு மணிக்கு ஜனங்கள் கண்ணயரும்போது எழுப்புபவனும் அவனே. ஊர்த் தலைவர், ரேஷன் கடைக்காரர், பாரதத்துக்கு வசூலித்த பணத்தில் கணக்குக் காட்டாதவர் என்று எல்லோரையும் இழுத்துவிடுவான். ராஜாவின் பாட்டு ஏட்டில் இருக்கிறது. இவன் பேச்சு எந்த ஏட்டிலும் இல்லை. அன்றைக்கு அந்த ஊரில் பிறந்து அன்றைக்கே போய்விடும்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் நம் புதுச்சேரியில்தான் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவருக்குச் சமாதி இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் நிகழ்கலைப் பள்ளி தொடங்கினார்கள். மகிழ்ச்சிதான். அவர் எழுதிய நாடகங்கள் ஏட்டில் நின்றன. அதே மேடையில் பபூன் தானாகக் கட்டிச் சேர்த்த பேச்சுக்கு ஏடும் இல்லை, கோப்பும் இல்லை. தாளில் இல்லாதது என்னைப் போன்ற குமாஸ்தாவின் கண்ணுக்குத் தெரியாது.

சரி, உதவி என்றால் என்ன உதவி? இங்கே எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. பாட்டுக்காரன் விடியற்காலையில் வீட்டில் உட்கார்ந்து சாதகம் செய்யலாம். சிரிப்புக்காரனுக்கு அது முடியாது. எதிரில் ஆட்கள் இருந்தால்தான் அவனுக்குச் சாதகம். சிரிக்காத முப்பது முகங்களுக்கு முன்னால் நின்று, அசடு வழிந்து, மறுநாள் அதே பேச்சில் இரண்டு வார்த்தையை மாற்றிப் பார்க்க வேண்டும். ஆகவே அவனுக்கு முதலில் வேண்டியது சால்வையும் பட்டமும் அல்ல. தோற்பதற்கு ஓர் இடமும், தோற்ற இரவுக்கும் ஒரு கூலியும்.

பள்ளிக்கூடத்தில் மோலியேர் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். பாரிஸில் கடன்பட்டு 1645-ல் சிறைக்குப் போனவர், பிறகு பதின்மூன்று வருஷம் ஊர் ஊராக மாட்டு வண்டிக் கணக்கில்தான் பிழைத்தார். 1658 அக்டோபரில் அரசர் பதினான்காம் லூயி முன்னால் முதலில் கோர்னெய்யின் பெரிய சோக நாடகம் ஒன்றைப் போட்டார்கள், எடுபடவில்லை. பின்னால் கிராமங்களில் பழகிய ஒரு சின்னக் கோமாளி நாடகத்தைப் போட்டார். அரசர் சிரித்தார். நாடகம் போட ஒரு மண்டபம் கிடைத்தது. பரிசுப் பணம், மானியம் எல்லாம் பிறகு வந்தவை. முதலில் வந்தது மண்டபம்!

நம் ஊரில் சமுதாயக் கூடங்கள் முகூர்த்த நாள் தவிர மற்ற நாளில் பூட்டித்தான் கிடக்கின்றன. மாதத்தில் இரண்டு இரவு விளக்குச் செலவோடு கூத்துக்காரனுக்கும் அந்தக் காபிக் கடைப் பையன்களுக்கும் திறந்துவிட்டால் என்ன கெட்டுவிடும்? கூத்துக்கு ஒலிபெருக்கி இன்னொரு தொல்லை. 2000-ஆம் ஆண்டு விதிப்படி இரவு பத்து மணிக்கு மேல் கூடாது. திருவிழாவுக்காக வருஷத்தில் பதினைந்து நாள் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். ஆனால் கூத்து பத்து மணிக்குத்தானே தொடங்குகிறது! கூடத்துக்குள்ளே ஆடினால் ஒலிபெருக்கியே வேண்டாம். பக்கத்து வீட்டுக் குழந்தையும் தூங்கும்.

"அரசாங்கம் காசு கொடுத்தால் அரசாங்கத்தைக் கிண்டல் செய்ய முடியுமா?" என்று என் நண்பர் கேட்கிறார். நியாயமான கேள்வி. முப்பத்தைந்து வருஷம் மேலதிகாரி முகம் பார்த்துக் குறிப்பு எழுதிய எனக்கு அது தெரியாதா? அதனால்தான் பேச்சுக்குக் காசு வேண்டாம், தரைக்கும் விளக்குக்கும் கொடுங்கள் என்கிறேன். என்ன பேசினான் என்று எந்தக் குமாஸ்தாவும் சரிபார்க்கக் கூடாது. பிரான்சில் மேடைக் கலைஞன் பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் காட்டினால், வேலையில்லா நாட்களுக்குப் படி கிடைக்கிறது. அங்கே எண்ணுவது மணி நேரத்தைத்தான். கலை வகை தெளிவாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நம் கூத்துக்காரர்களுக்குப் பங்குனியிலிருந்து ஆடி வரைதான் வேலை. 2020-லும் 2021-லும் அந்தப் பருவமே தொற்றில் போயிற்று. மற்ற மாதங்களில் மண்வெட்டி பிடிக்கிறார்கள்.

எல்லாவற்றையும் அரசாங்கம் செய்யட்டும் என்று நான் உட்கார்ந்திருக்கவும் இல்லை. நாமெல்லாம் பென்ஷன் வாங்குகிறவர்கள். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் பாரதத்துக்கு வசூல் நோட்டு வரும்போது நான் 2,000 ரூபாய் எழுதுவதாக இருக்கிறேன். 1,000 கோயிலுக்கு. 1,000 கட்டியக்காரன் கையில், ஒலிபெருக்கியில் என் பெயர் சொல்லாமல். சொன்னாலும் பரவாயில்லை, என்னையும் அவன் இரண்டு வார்த்தை இழுத்துவிடட்டும்.

பேரனிடம் அடுத்த ‘ஓப்பன் மைக்’குக்கும் சீட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பரிதாபத்துக்குரிய பையன் மறுபடி வருகிறானாம்.