பயமுறுத்தினால் போதுமா? போதைப்பொருளும் நம் பிள்ளைகளும்



ஆண்டுதோறும் பிப்ரவரி 19ஆம் நாளைப் போதைப்பொருள் எதிர்ப்பு நாளாக நம் நாடு கடைப்பிடிக்கிறது. 1983ஆம் ஆண்டு அந்நாளில்தான், போதைப்பொருள் நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என்று அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் அறிவித்தார். அதனையொட்டிப் பள்ளிகளில் சுவரொட்டி வரையும் போட்டி நடைபெறுவதுண்டு. பல முறை நடுவராக அமர்ந்திருக்கிறேன். மண்டையோடு, ஊசி, தூக்குக்கயிறு ஆகிய மூன்றில் ஒன்றுகூட இல்லாத சுவரொட்டியைப் பார்த்த நினைவு எனக்கில்லை. பதினொரு வயதுப் பிள்ளைகள் தூக்குக்கயிற்றை எவ்வளவு நேர்த்தியாக வரைகிறார்கள் தெரியுமா! ஆனால், “சியாபு என்றால் என்ன? அது உடம்பில் என்ன செய்யும்?” என்று அதே பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். “செத்துப் போவோம் சார்” என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

இதுதான் என் மனக்குறை. நாம் பயத்தைக் கற்பிக்கிறோம், பாடத்தைக் கற்பிப்பதில்லை.

பயம் பன்னிரண்டு வயது வரைக்கும் வேலை செய்யும். ஆறாம் ஆண்டை முடித்துக்கொண்டு புகுமுக வகுப்புக்கோ படிவம் ஒன்றுக்கோ போகிற பிள்ளை, அங்கே தன்னைவிட மூன்று வயது மூத்த ஒருவன் கஞ்சா புகைப்பதைக் காண்கிறது. அவன் சாகவில்லை. காற்பந்து ஆடுகிறான், சிரிக்கிறான், புதுக் கைப்பேசி வைத்திருக்கிறான். அந்தக் கணமே நாம் ஆறாண்டுகள் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடுகிறது. கஞ்சாவைப் பற்றிச் சொன்னது பொய்யென்றால் சியாபைப் பற்றிச் சொன்னதும் பொய்தானே என்று பிள்ளை நினைப்பதில் என்ன வியப்பு? அமெரிக்காவில் 1983இல் தொடங்கப்பட்ட ‘டேர்’ என்னும் திட்டத்தில் காவல் அதிகாரிகளே வகுப்பறைக்கு வந்து ‘வேண்டாம் என்று சொல்’ என்று பாடம் நடத்தினார்கள். கோடிக்கணக்கான பணம் செலவாயிற்று. பின்னர் நடந்த ஆய்வுகளில், அப்பாடத்தைக் கேட்ட பிள்ளைகளுக்கும் கேளாத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் பெரிய வேறுபாடு எதுவும் தென்படவில்லை.

உண்மையைச் சொல்வதில் நமக்கென்ன தயக்கம்? தொட்டவர் எல்லாரும் அடிமையாவதில்லை. 1990களில் அமெரிக்காவில் நடந்த பெரியதோர் ஆய்வின்படி, புகையிலையைத் தொட்டவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர், ஹெராயினைத் தொட்டவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர், கஞ்சாவைத் தொட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அடிமையானார்கள். இள வயதில் தொடங்குவோருக்கு ஆபத்து இன்னும் கூடுகிறது. இரட்டையர்களை வைத்து நடத்திய ஆய்வுகள், அடிமையாகும் வாய்ப்பில் ஏறத்தாழ பாதி குடும்ப மரபில் வருவது என்கின்றன. அப்பாவும் தாத்தாவும் குடியால் சீரழிந்த வீட்டுப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? அந்தப் பத்தில் ஒருவர் யார் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இப்படிச் சொன்னால் பிள்ளை கேட்கும். மூத்தவன் காற்பந்து ஆடுவதைப் பார்த்தாலும் நம் சொல் பொய்யாகாது.

இனி மூளைக்கு வருவோம். டோபமின் என்ற பெயரை நாளிதழ்களில் ‘மகிழ்ச்சி தரும் வேதிப்பொருள்’ என்று எழுதுகிறார்கள். அது முழுச் சரியன்று. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்னும் ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து அவற்றின் மூளைச் செல்களைக் கவனித்தார். முதலில், எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது டோபமின் செல்கள் துடித்தன. சாற்றுக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கை எரியவிட்டதும், சில நாள்களில் அந்தத் துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிட்டது. சாறு வந்தபோது செல்கள் அமைதியாக இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. ஆக, டோபமின் ‘இன்பம்’ என்று சொல்வதில்லை. ‘இதை நினைவில் வை, மறுபடியும் தேடு’ என்று சொல்கிறது. உணவும் நட்பும் பாராட்டும் எழுப்புகிற இந்தச் செய்தியைச் சியாபு பல மடங்கு பெரிதாக்கி, மணிக்கணக்கில் நீடிக்கச் செய்கிறது. ஹெராயின் வேறு வாசல் வழியாக நுழைகிறது. வலியைத் தணிக்க உடம்பே சுரக்கும் பொருளுக்கென்று மூளையில் உள்ள ஏற்பிகளில் போய் அமர்ந்துகொள்கிறது. முடிவில் அதுவும் இதே பாதையைத்தான் தூண்டுகிறது.

மூளையும் சும்மா இருப்பதில்லை. இரைச்சல் மிகுந்த வீட்டில் காதைப் பொத்திக்கொள்வதுபோல், செய்தியை வாங்கும் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு பழைய அளவு போதாது. அதைவிடக் கொடுமை, சாதாரண இன்பங்களுக்கும் சுவை போய்விடுகிறது. அம்மா சமைத்த மீன்குழம்பும் தீபாவளிச் சட்டையும் எதையும் அசைப்பதில்லை. “இவன் கல்மனசுக்காரன்” என்கிறோம். அவன் மூளைக்குக் காது மந்தமாகியிருக்கிறது என்பதே சரி. இத்தனைக்கும் ‘பொறு, பின்விளைவை எண்ணிப் பார்’ என்று கடிவாளம் பிடிக்கும் நெற்றிப்பகுதி இருபதுகளின் நடுப்பகுதியில்தான் முழுமையாக முதிர்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் முடுக்கி இருக்கிறது. நிறுத்தி இன்னும் பொருத்தி முடியவில்லை.

விளக்கும் பழச்சாறும் பற்றிய அந்த ஆய்வை நம் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்த மகன், பழைய கூட்டாளியின் மோட்டார்சைக்கிள் ஓசை கேட்டவுடன் தடுமாறுகிறான். அந்த ஓசைதான் அவனுக்கு விளக்கு. சத்தியம் பொய்யன்று, அவன் மூளை படித்த பாடம் சத்தியத்தைவிடப் பழையது.

சட்டத்தைப் பற்றியும் நம்மிடையே அரைகுறை அறிவே இருக்கிறது. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, போதைப்பொருளை உட்கொள்வதே குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டுகள் வரை சிறை. அதன்பின் 2 முதல் 3 ஆண்டுகள் அதிகாரிகளின் கண்காணிப்பு. 15 கிராம் ஹெராயினோ, 50 கிராம் சியாபோ, 200 கிராம் கஞ்சாவோ கையிலிருந்தால் விற்பனைக்காகவே வைத்திருப்பதாகச் சட்டம் அனுமானிக்கிறது. 15 கிராம் என்பது ஓர் உறையின் மூலையில் அடங்கிவிடும் அளவு! கடத்தலுக்கான 39பி பிரிவில் 1983 முதல் மரண தண்டனை கட்டாயமாக இருந்தது. 2018இல் நீதிபதிக்குச் சிறிது விருப்புரிமை கிடைத்தது. 2023 ஜூலையில் கட்டாயம் என்பதே நீங்கியது. இப்போது நீதிபதி மரண தண்டனையோ, ஆயுள் சிறையும் பிரம்படியுமோ விதிக்கலாம்.

பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது தூக்குக்கயிற்றை அன்று. ‘இந்தப் பொட்டலத்தை அந்த அண்ணனிடம் கொடுத்துவிட்டு வா, ஐம்பது ரிங்கிட் தருகிறேன்’ என்னும் வாக்கியத்தை. உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது என்பதை மெய்ப்பிக்கும் சுமை பெரும்பாலும் சுமந்தவன் தலையில்தான் விழும். ஈப்போவைச் சேர்ந்த தமிழ் இளைஞர் ஒருவர் 2009இல் தொடையில் ஏறக்குறைய 43 கிராம் ஹெராயினைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குள் நுழைகையில் பிடிபட்டு, 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டதை நாமெல்லாரும் படித்தோம். பொருளின் சொந்தக்காரன் பெயரை நாம் படித்தோமா?

இப்போது ‘வேப்’ வேறு வந்துவிட்டது. 2024 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு அதனை விற்கக்கூடாது என்கிறது. ஆயினும் பிள்ளைகளின் புத்தகப்பையில் அது கிடைக்கத்தான் செய்கிறது. அதன் திரவத்தில் செயற்கைப் போதைப்பொருளைக் கலந்து விற்பதுதான் புதிய தொல்லை. மயக்க மருந்தான எட்டோமிடேட் கலந்த வேப் பரவியதால் 2025 செப்டம்பரில் சிங்கப்பூர் அம்மருந்தையே போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. மாம்பழ வாசனை வருகிற ஒன்றைப் பார்த்து எந்தப் பிள்ளைக்கு மண்டையோடு நினைவுக்கு வரும்?

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவனின் தாயார் என்னைப் பார்க்க வந்தார். மகன் மூன்று நாள் தூங்குவதில்லை, பிறகு ஒரு நாள் முழுக்கத் தூங்குகிறான், சோறு வேண்டாம் என்கிறான், சுவருக்குப் பின்னால் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்கிறான் என்றார். எட்டு மாதங்களாகக் கோயில் கோயிலாக அலைந்திருக்கிறார்கள். பேய் பிடித்ததென்று சொன்ன சாமியார் ஒருவருக்கு இரண்டாயிரம் ரிங்கிட் கொடுத்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கலாமே என்றேன். “வெளிய தெரிஞ்சா நாளைக்கு என் மகளை யார் சார் கட்டுவாங்க?” என்றார் அந்த அம்மா. சியாபு நீண்ட நாள் உட்கொண்டால் இப்படிக் குரல் கேட்பதும் சந்தேகம் மிகுவதும் மருத்துவ நூல்களில் உள்ள செய்தி. அந்தத் தாய்க்கு அது தெரியாது. ஆனால் வெட்கப்பட வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? நம் சுவரொட்டிகளும் அதில் பங்கு வகித்தன என்றே நான் கருதுகிறேன். அடிமைப்பட்டவன் என்றால் எலும்புக்கூடு, குற்றவாளி, குடும்ப மானத்தை வாங்கியவன் என்று வரைந்துவிட்டோம். பின்னர் எந்தத் தாய் ‘அது என் பிள்ளைதான்’ என்று வாய் திறப்பாள்?

வாய் திறந்தால் கதவும் திறக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1983ஆம் ஆண்டு போதைப்பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தின்படி ஒருவர் தாமே முன்வந்து சிகிச்சை கேட்கலாம். வயது வராத பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்கலாம். தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே, 2010 முதல் தாமாக வருவோருக்கான சிகிச்சை நிலையங்களைத் திறந்தது. 2024இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, அடிமையானவரோடு தவறாகப் பயன்படுத்துவோரையும் சிகிச்சை வளையத்துக்குள் கொண்டுவந்தது. ஹெராயினுக்கு மெத்தடோன் என்னும் மாற்று மருந்து 2005 முதல் நம் நாட்டில் தரப்படுகிறது. நாளுக்கு ஒரு முறை குடித்தால் போதும். நடுக்கமும் ஏக்கமும் அடங்கி மனிதர் வேலைக்குப் போகலாம். ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று கேட்பவர்கள், நீரிழிவு நோயாளி தினமும் ஊசி போட்டுக்கொள்வதை அப்படிக் கேட்பதில்லை. சியாபுக்கு இன்னும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை; ஆலோசனையும் காலமும்தான் மருந்து. ஆனால் ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர்களின் மூளையில் டோபமின் அமைப்பு கணிசமாக மீண்டதைப் படக்கருவிகள் காட்டியிருக்கின்றன.

அறையில் பூட்டி வைக்கும் வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் ஒரு சொல். ஹெராயினை நிறுத்தினால் மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, மயிர்க்கூச்சம் எல்லாம் ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ‘தெளிந்துவிட்டான்’ என்று கதவைத் திறந்துவிடுகிறோம். இதற்குள் உடம்பின் தாங்குதிறன் குறைந்திருக்கும். வெளியே போய்ப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். சிறையிலிருந்து வருவோருக்கும் இதே ஆபத்துதான்.

எல்லாவற்றையும் மூளையின் மேல் போட்டுவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களை 1970களில் லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். ஊர் திரும்பியபின் பெரும்பாலோர் மீண்டும் அடிமையாகவில்லை. இடம் மாறியது, துணை மாறியது, விளக்கும் அணைந்தது. நம் தாத்தாக்களும் இதனைத் தம் வழியில் அறிந்திருந்தார்கள் போலும். தோட்டத்துக் கூலி கையில் விழுந்தவுடன் போய்ச் சேரும் தொலைவில் கள்ளுக்கடை இருந்த காலத்தில், 1946-47இல் கெடாவில் தொண்டர் படை அக்கடைகளை எதிர்த்துத் திரண்டது. அவர்கள் வழிமுறைகள் எல்லாம் மென்மையானவை அல்ல. ஆனால் குடிப்பவனை மட்டும் பார்க்காமல், கடை ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். இன்று நம் அடுக்குமாடி வீடுகளின் கீழே, பள்ளி விட்டு ஐந்து மணி நேரம் கேட்பாரின்றி நிற்கும் பிள்ளையைப் பார்த்து நாம் எதைக் கேட்கிறோம்?

இவ்வாண்டு ஆறாம் ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேச அரை மணி நேரம் கேட்டேன். பள்ளியின் பெயர் கெட்டுவிடுமோ என்று முதலில் தயக்கம் காட்டப்பட்டது. பிறகு இருபது நிமிடம் கிடைத்தது. ஒரே தாளின் ஒரு பக்கத்தில் மூளையின் படமும், மறுபக்கத்தில் மாவட்ட ஏ.ஏ.டி.கே அலுவலகம், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு ஆகியவற்றின் முகவரிகளும் அச்சிட்டு வைத்திருக்கிறேன். தூக்குக்கயிறு கிடையாது. பிற பள்ளி ஆசிரியர்கள் கேட்டால் அந்தத் தாளை அனுப்பி வைக்கிறேன். முகவரிகளை மட்டும் உங்கள் மாவட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.