மலைக்கு நாயோடு செல்லும் குடும்பங்களுக்கு



நவம்பரில் சுவிற்சர்லாந்தின் சமவெளியை மூடுபனி மூடினால் சில வேளைகளில் நாட்கணக்கில் சூரியனைக் காண்பதில்லை. அப்போதும் மேலே மலையில் வானம் நீலமாயிருக்கும். நம் இளங்குடும்பங்கள் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே புறப்படுவது எனக்கு மகிழ்ச்சியே. "குளிரில் மலையில் என்ன வேலை?" என்று கேட்கும் பெரியவர்களின் பக்கம் நான் இல்லை. ஆனால் புறப்படும் நேரத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு.

டிசம்பர் தொடக்கத்தில் பேர்ணில் மாலை 4.40 மணியளவில் சூரியன் மறைகிறது. பள்ளத்தாக்குகளில் அதற்கும் முன்பே. உணவருந்திவிட்டு 2 மணிக்கு நடக்கத் தொடங்குபவருக்கு எஞ்சுவது இரண்டரை மணி நேர வெளிச்சமே. மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் உள்ள நேரம் இடையில் நில்லாது நடப்பவருக்குரியது, வெண்பனியில் நடப்பவருக்குரியதன்று. பாறைகளில் தீட்டப்பட்ட வெள்ளை, சிவப்பு, வெள்ளைக் குறிகளை முதற்பனியே மறைத்துவிடும். ஏறும்போது வெயில் படும் தெற்குச் சரிவு உலர்ந்திருக்கும். இறங்கும் வடக்குச் சரிவிலோ பனிக்கட்டி இறுகியிருக்கும். தொங்கூர்தியில் இறங்கிவிடலாம் என்று எண்ணாதீர்கள். நவம்பரில் பல தொங்கூர்திகள் பராமரிப்புக்காக நிறுத்தப்படுகின்றன.

நாயின் நிலை வேறு. அதன் விரல்களுக்கிடையே பனி உருண்டு கட்டியாகும். வீதியில் தூவிய உப்பு பாதத்தை எரிக்கும். தாகத்தில் பனியைத் தின்று வயிறு கெடும். எனினும் அது முறையிடாது, நீங்கள் நடக்கும்வரை பின்னால் வரும். அதன் விசுவாசமே அதற்கு ஆபத்து. ஆகவே அது காலைத் தூக்கி நிற்கத் தொடங்கினால், உச்சி எவ்வளவு அருகில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். புகைப்படம் எடுக்காமல் திரும்புவதில் என்ன வெட்கம்?

பெரிய புனித பெர்நார்து கணவாயின் துறவியர் வளர்த்த பாரி என்னும் நாயின் கதையைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். பதப்படுத்தப்பட்ட அதன் உடல் பேர்ண் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள். (கழுத்தில் தொங்கும் சாராயப் பீப்பாய் பின்னர் சேர்ந்த கற்பனை.) பாரி 1800இல் அந்த 2469 மீற்றர் உயரத்திலேயே பிறந்து வளர்ந்தது. நம் நாய்களோ வெப்பமூட்டியின் அருகில் உறங்கிப் பழகியவை.

நாயை வாரில் கட்டுவது கொடுமை என்று சில பிள்ளைகள் என்னிடம் வாதிடுகிறார்கள். குளிர்காலத்தில் மலையாடு உடலில் சேர்த்த கொழுப்பைச் சிறிது சிறிதாகச் செலவழித்தே உயிர்வாழ்கிறது. நாய் ஒருமுறை துரத்தினால், ஆழ்பனியில் ஓடும் அந்த ஓட்டமே அதைச் சாகடிக்கலாம். ஆகவே வாரை அவிழ்க்காதீர்கள்.

கைபேசியில் மலைமீட்புக்குரிய 1414ஐயும், வலே மாநிலத்துக்கு 144ஐயும் பதிந்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மலைக்குச் செல்ல எண்ணுவோர் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்கே வரலாம். அதுவே ஞாயிறு கடனை நிறைவேற்றும். மறுநாள் காலை 9 மணிக்கெல்லாம் நடக்கத் தொடங்கலாம்.