ஜெஞ்சாரோம் தோழர்களே, மன்றக் கூட்டத்துக்கு வாருங்கள்!

2018-ஐ மறந்துவிடாதீர்கள். அந்த ஆண்டு தொடக்கத்தில் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குச் சீனா கதவை அடைத்தது. அங்கே போக முடியாத குப்பை கிள்ளான் துறைமுகத்தில் வந்து இறங்கியது. கோல லங்காட்டின் செம்பனைக் காடுகளுக்குள் புகுந்தது. உரிமம் இல்லாத ஆலைகள் முப்பதுக்கும் மேல் முளைத்தன. உருக்க முடிந்ததை உருக்கினார்கள். மிச்சத்தை இரவில் கொளுத்தினார்கள். நடுநிசியில் ரப்பர் கருகும் வாடை வீட்டுக்குள் வரும். எழுந்து ஜன்னலைச் சாத்துவோம். புழுக்கம் தாங்காமல் திறப்போம். பிள்ளை இருமும்; மறுபடியும் சாத்துவோம். விடிந்து போய்ப் பார்த்தால், குவியலில் பிரிட்டன், ஆஸ்திரேலியப் பெயர் போட்ட உறைகள்.

அந்த ஆலைகளை மூட வைத்தது யார்? ஊர்க்காரர்கள். வாடை வந்த திசையைத் தேடிப் போனவர்கள், படம் எடுத்தவர்கள், புகார் மேல் புகார் எழுதியவர்கள், பத்திரிகையாளர்களை அழைத்து வந்து காட்டியவர்கள். அதன் பிறகே அதிரடிச் சோதனைகள் நடந்தன. 2020 ஜனவரிக்குள் 150 கண்டெய்னர்கள் 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. நம் ஊர் வென்றது.

ஆனால் ஏன் அத்தனை மாதம் புகையைக் குடித்தோம்? இறக்குமதி பெர்மிட் புத்ராஜெயா கையில். நிலம் மாநில அரசின் கையில். புகையைக் கவனிப்பது கூட்டரசின் சுற்றுச்சூழல் இலாகா. தொழிலகத்துக்கு லைசென்ஸ் தருவது ஊராட்சி மன்றம். நாலு வாசல், எந்த வாசலில் முறையிட்டாலும் அடுத்த வாசலைக் கைகாட்ட வழி இருக்கிறது. நாலில் நமக்கு அருகில் இருக்கும் வாசலில்தான் நம் ஓட்டுக்கு இடமே இல்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி 8 முதல் 24 உறுப்பினர்கள், மாநில அரசின் நியமனம். 2020-இல் நம் கோல லங்காட் மாவட்ட மன்றம் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. பெயர்ப்பலகை மாறியது, நியமனம் மாறவில்லை.

முன்பு இப்படி இருந்ததில்லை, தோழர்களே. 1951-இல் ஜார்ஜ்டவுன் நகராண்மைக்குத் தேர்தல் நடந்தது. 1952 சட்டம் நம் ஊரைப் போன்ற புதுக்கிராமங்களும் தங்கள் மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்க வழி செய்தது. 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காட்டித் தேர்தலை நிறுத்தினார்கள். மறு ஆண்டே மோதல் முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் தேர்தல் மன்றங்களே வேண்டும் என்று 1968-இல் அறிக்கை தந்தது. தமிழர்களான நம்மில் ஒருவர் எழுதித் தந்த பரிந்துரை அது! 1976 சட்டத்தின் 15-ஆம் பிரிவு அதைப் புதைத்தது. ஊராட்சித் தேர்தல் நடத்தப் பினாங்கு 2012-இல் சொந்தமாகச் சட்டம் இயற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சாவி நாடாளுமன்றத்தில் இருக்கிறது.

"தேர்தல் வந்தால் நமக்கு ஓர் இடமும் கிடைக்காது, நியமனமே மேல்" என்று நம்மவர்களே சொல்கிறார்கள். அந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நாம் சிதறி வாழ்பவர்கள். ஆனால் சீனர்கள் பெரும்பான்மையாக இருந்த ஜார்ஜ்டவுனில், 1950களின் இறுதியில் மேயராக அமர்ந்தவர் டி.எஸ். ராமநாதன். கட்சி கொடுத்த இடத்தில் உட்காருபவர் கட்சிக்குக் கடன்பட்டவர். எல்லாருடைய ஓட்டிலும் வந்தவர் எல்லாருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

தோட்டத்தில் இருந்தவரை "தனியார் நிலம்" என்று சாலையும் விளக்கும் மறுக்கப்பட்டன. தாமானுக்கு வந்த பிறகு வடிகால், தெருவிளக்கு, அங்காடி லைசென்ஸ் எல்லாமே மன்றத்தின் கையில். வேறு எவரையும்விட நமக்குத்தான் அந்த மன்றம் அதிகம் தேவை.

தேர்தல் மட்டும் போதாது. அதிகாரமும் பணமும் கூடவே வர வேண்டும். கேரளம் 1996-இல் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குத் திருப்பியது. எதற்குச் செலவிடுவது என்பதைக் கிராமசபைகளில் மக்களைக் கூட்டிப் பேச வைத்தது. நாம் கேட்பதும் அதுதான்: ஓட்டு, அதிகாரம், நிதி.

சட்டம் மாறும்வரை கைகட்டி நிற்க வேண்டாம். அதே 1976 சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மன்றமே தீர்மானம் போட்டு மூடாதவரை அதன் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்கிறது. நம் கையில் இன்று இருக்கும் ஆயுதம் இதுதான். தெருவுக்கு ஐந்து பேர் சேருங்கள். மலாய், சீன அண்டை வீட்டாரையும் கூப்பிடுங்கள். அடுத்த கூட்டத் தேதியைக் கேட்டு வாங்குங்கள். போய் உட்காருங்கள். எந்த ஆலைக்கு லைசென்ஸ், எந்த வடிகாலுக்கு எவ்வளவு, யார் பேசினார், யார் பேசவில்லை என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதியதை அன்று இரவே தாமானில் படித்துக் காட்டுங்கள். 15-ஆம் பிரிவை நீக்கச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கையெழுத்துத் திரட்டுங்கள்.

மூடிய ஆலை வேறொரு காட்டுக்குள் திறக்க ஒரு வாரம் போதும். நாம் திரள அதற்கு மேல் நாள் எடுக்கக் கூடாது.

ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். ரசீது வீட்டு மேசைக்குள் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வாருங்கள், தோழர்களே. அந்தக் கூட்ட அறையில் நமக்கு இடம் உண்டு.