வாடகை வீட்டுச் சுவரின் நிறம் யாருடையது?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வாடகைக்கு வீடு தேடும் ஆசிரியர், வங்கி ஊழியர், தாதியர் எவரும் அறிந்த நிபந்தனை ஒன்றுண்டு. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, பெயின்ற் மாற்றக்கூடாது என்பதே அது. வீட்டுக்காரர் கனடாவிலோ ஜேர்மனியிலோ இருப்பார், சாவி அவரது உறவினரிடம் இருக்கும். முற்பணத்தை எண்ணி வாங்கும்போதே நிபந்தனையும் சொல்லப்பட்டுவிடும். சுவரோ பல வருடங்களாகத் தூரிகையைக் கண்டிராது. அடிப்பகுதியில் உப்புப் பூத்திருக்கும், யன்னலோரம் மழைநீர் இறங்கிய பழுப்புத் தடம் இருக்கும்.

வீட்டுக்காரர்களின் மனநிலையை நான் விளங்கிக்கொள்ளாமல் இல்லை. கிளிநொச்சி 2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவத்தின் கையில் வீழ்ந்தது. அதற்கு முந்திய மாதங்களில் சனங்கள் கூரைத் தகடுகளையும் கதவு நிலைகளையும் கழற்றி உழவு இயந்திரங்களில் ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கி நகர்ந்தார்கள். சுவர்களை மட்டும் கொண்டுபோக முடியவில்லை. மீளக் குடியேறியபோது கூரையற்ற சுவர்கள் மழையில் ஊறியும் சன்னங்கள் துளைத்தும் நின்றன. இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபாவும் திருத்துவதற்கு 2,50,000 ரூபாவும் வழங்கப்பட்டன. பலருக்கு அந்தத் தொகை கூரையோடு முடிந்துவிட, பூச்சு வேலை பின்னைக்கு என்று நின்றது. வெளிநாட்டில் இரட்டை வேலை செய்து அனுப்பிய காசில் எழுந்த சுவரை இன்னொருவர் தொடுவதற்கு அவர்கள் அஞ்சுவதில் வியப்பில்லை.

அஞ்சுவதற்குச் சட்டத்தையும் காரணம் காட்டுகிறார்கள். பெயின்ற் அடிக்க விட்டால் நாளைக்கு வீடே தனதென்பான் என்ற பேச்சை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்தாண்டுக் கணக்கொன்றைச் சொல்வது உண்மைதான். ஆனால் அது உரிமையாளருக்கு எதிராகக் காணியைப் பிடித்திருப்பவருக்கானது. அனுமதி பெற்று, மாதாமாதம் வாடகை செலுத்துபவர் எத்தனை வாளி பெயின்ற் பூசினாலும் அந்தக் கணக்குத் தொடங்குவதில்லை. போரால் தம் காணிகளுக்குத் திரும்ப முடியாதிருந்தவர்களுக்கென 2016இல் விசேட ஏற்பாடுகள் சட்டமொன்றும் நிறைவேற்றப்பட்டது. பற்றுச்சீட்டும் எழுத்திலான ஒப்பந்தமும் இருக்க, தூரிகைக்கு ஏன் பயம்?

ஜேர்மனியில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் தம் வீட்டுச் சுவர்களை ஒருகணம் எண்ணிப்பார்க்கலாம். குடியிருக்கும் காலத்தில் விரும்பிய நிறத்தைப் பூசிக்கொள்ள அங்கே வாடகையாளருக்கு உரிமை உண்டு. வெளியேறும்போதுதான் எவரும் ஏற்கக்கூடிய நிறத்தில் ஒப்படைக்க வேண்டும். வெள்ளையாகப் பெற்ற வீட்டைச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் திருப்பிக் கொடுத்தவர் நட்டஈடு செலுத்த வேண்டுமென அந்நாட்டின் உயர் நீதிமன்றம் 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. பூச்சுப் பழுதான நிலையில் வீட்டைப் பெற்றவர்மீது, தகுந்த ஈடு கொடாமல், மறுபூச்சுக் கடமையைச் சுமத்த முடியாதென 2015 மார்ச்சில் அதே நீதிமன்றம் சொன்னது. இரு தரப்பையும் ஒருங்கே பார்த்த தீர்ப்புகள் இவை. அங்கே தாம் அனுபவிக்கும் உரிமையைத் தமது வவுனியா வீட்டில் குடியிருப்பவருக்கு மறுப்பது எந்த வகை நியாயம்?

எதிர்ப்பக்க அநியாயம் ஒன்றையும் சொல்லவேண்டும். குடியிருப்பவர் தன் சம்பளத்தில் சுரண்டி, பசை நிரப்பி, இரண்டு பூச்சுப் பூசி வீட்டை மனிதர் வசிக்கும் இடமாக்குவார். அடுத்த வருடம், "இப்ப வீடு வடிவாய் இருக்கு, இந்த வாடகை காணாது" என்று செய்தி வரும். அவர் கொட்டிய காசுக்கு அவரே வட்டி கட்டும் கதை இது.

முன்னர் தைப்பொங்கலுக்கு முன் சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்து வெள்ளையடிப்பது வீட்டாரின் வழமை. செலவு சொற்பம், சுவரும் மூச்சுவிட்டது. இன்றைய பெயின்ற் விலை அப்படியல்ல. ஆகவே ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் கூடுதலாக எழுதப்பட வேண்டும்: எந்த நிறம், யார் செலவு, குடியிருப்பவர் செலவழித்தால் எத்தனை மாத வாடகையில் கழிப்பது. பூசுமுன் சுவரைப் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளட்டும். கார்த்திகை, மார்கழி மழைக்குள் இந்த வேலையைத் தொடங்குவது வீண். ஈரச் சுவரில் பூசியது தை பிறக்குமுன் உரிந்துவிடும்.